கறுத்த பழமும் ஒரு கப் ஓட்ஸும்

*அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டுக்கு வீடு வாழைப்பழ ஓட்ஸ் குக்கீஸ் சுடுகிறார்கள். மைதா இல்லை, சர்க்கரை இல்லை, வெண்ணெய் இல்லை என்று பெருமை வேறு. அப்படியானால் உள்ளே என்னதான் இருக்கிறது?*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. திருமுல்லைவாயலில் எங்கள் சமையலறை. வெள்ளிக்கிழமை ஆவடி ஸ்டேஷன் வாசல் தள்ளுவண்டியில் வாங்கிய பச்சைப்பழச் சீப்பில் இரண்டே இரண்டு மிச்சம். தோல் முக்கால்வாசி கறுத்துவிட்டது. காம்பைச் சுற்றிப் பழ ஈ. "தூக்கிப் போட்டுடாதம்மா, தெருவுல மாடு வந்தா போடலாம்" என்கிறார் மாமியார். எட்டாவது படிக்கும் மகளுக்கு வேறு திட்டம். பழத்தை உரித்துத் தட்டில் போட்டு, முள்கரண்டியால் குத்திக்கொண்டிருக்கிறாள்.

"கையாலயே பிசைடி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பிசைந்துவிட்டாள். அதன் மேல் ஒரு கப் ஓட்ஸ், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்ட பொடி, ஒரு பிடி உலர்திராட்சை. சப்பாத்தி மாவுக்கும் பஜ்ஜி மாவுக்கும் நடுவே ஒரு பதம் வந்தது. பத்து நிமிடம் ஊறவிட்டு, ஸ்பூனால் எடுத்துத் தட்டில் பன்னிரண்டு வைத்து அழுத்தினாள். ஓவனில் 180 டிகிரி.

பன்னிரண்டாவது நிமிடம் வாசனை வந்தது. ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்துவிட்டார். "என்னது, கார்த்திகைக்கு அப்பம் சுடற வாசனை வருது?"

ஒன்றை எடுத்து ஊதித் தின்று பார்த்தார். தீர்ப்பும் உடனே வந்தது: "பிஸ்கட்டுனா கடிச்சா சத்தம் வரணும். இது அப்பம். எண்ணெயில போடாத அப்பம்."

மகளுக்குக் கோபம். எனக்கு மட்டும், இந்தக் குக்கீஸ் பற்றி நான் படித்த எந்தக் குறிப்பையும்விட மாமியார் சொன்னது சரி என்று பட்டது.

பிஸ்கட் வாசம் வீசிய சாலை

நம் பக்கத்துக்கும் பிஸ்கட்டுக்கும் பழைய உறவு. பாடியில் பிரிட்டானியா தொழிற்சாலை ஓடிய காலத்தில், எம்.டி.எச். ரோட்டில் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பாடி வந்ததை மூக்கு சொல்லிவிடும். இன்று தொழிற்சாலை இல்லை. 'பிரிட்டானியா' என்ற பஸ் நிறுத்தம் மட்டும் இருக்கிறது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் டீக்கடைகளில் காலை பத்து மணிக்கு டீயோடு கண்ணாடி பாட்டிலில் கைவிட்டு எடுக்கும் பட்டர் பிஸ்கட்டும் சால்ட் பிஸ்கட்டும் இன்றும் அசையவில்லை.

வீட்டுக்குள் பேக்கிங் வந்த கதை வேறு. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஓவன்கள் 2020 ஊரடங்கில் வந்தவைதான். அந்த வருடம் மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறிக் கடைகளைப் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கும், பழக்கடைகளை மாதவரத்துக்கும் மாற்றினார்கள். செப்டம்பர் கடைசியில்தான் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. கடை தூரமானதால் ஒரே தடவையில் நிறைய பழம் வாங்கினோம். வாங்கிய பழம் கறுத்தது. உலகமே அப்போது வாழைப்பழ பிரெட் சுட்டுக்கொண்டிருந்தது. மைதாவும் முட்டையும் வெண்ணெயும் தேடி அலைய முடியாதவர்கள் கண்ணில் பட்டது இந்த இரண்டு பொருள் குக்கி. ஊரடங்கு போய்விட்டது, குக்கி தங்கிவிட்டது. இப்போது ஸ்கூல் ஸ்நாக்ஸ் டப்பாவில், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில், 'ஷுகர் இருக்கிறவங்களும் சாப்பிடலாம்' என்ற அடைமொழியோடு சுற்றுகிறது. அந்த அடைமொழியைத்தான் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

---
பெட்டி 1: இவ்வளவுதான் செய்முறை

நன்றாகக் கனிந்த பச்சைப்பழம் 2 (உரித்தபின் சுமார் 200 கிராம்). ரோல்டு ஓட்ஸ் 1 கப் (90 கிராம்). உப்பு ஒரு சிட்டிகை. ஏலக்காய் அல்லது பட்டைப் பொடி. பிடித்தால் திராட்சை, உடைத்த வேர்க்கடலை.

பிசைந்து 10 நிமிடம் ஊறவிட்டு, அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் தட்டி, 180 டிகிரியில் 15 நிமிடம். ஓரம் சிவந்தால் எடுக்கலாம். 12 வரும்.

ஓவன் இல்லையா? குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, 10 நிமிடம் காயவிடுங்கள். பிறகு தட்டை உள்ளே வைத்து சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம். தண்ணீர் ஊற்றக் கூடாது.

அதுவும் வேண்டாம் என்றால் குழிப்பணியாரக் கல். குழிக்கு இரண்டு சொட்டு நெய், மூடி போட்டு இளந்தீ, ஒரு தடவை திருப்பிப் போட்டால் போதும். வெறும் பன்னிரண்டுக்காக ஓவனைச் சூடாக்குவதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.
---

சத்தம் ஏன் வரவில்லை?

மாமியார் சொன்னதைச் சோதிக்க அடுத்த வாரம் சமையலறைத் தராசை எடுத்தேன். திராட்சை போடாமல், ஓவனில் வைக்கும்முன் மொத்தக் கலவை 290 கிராம். எடுத்து ஆறவைத்தபின் 225. அறுபத்தைந்து கிராம் தண்ணீர் ஆவியாகப் போயிருக்கிறது. ஆனால் வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். 200 கிராம் பழத்தில் மட்டுமே 150 கிராம். அப்படியென்றால் வெந்த குக்கியிலும் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் ஈரம் மிச்சம். கடையில் வாங்கும் பாக்கெட் பிஸ்கட்டில் ஈரம் ஐந்து சதவீதத்துக்கும் கீழே. கடித்தால் சத்தம் வருவது அந்த வறட்சியினால்தான்.

இன்னும் பத்து நிமிடம் விட்டால் மொறுமொறுப்பாகாதா என்று கேட்கலாம். நானும் விட்டுப் பார்த்தேன். வெளியே தோல் மாதிரி இறுகியது, உள்ளே ரப்பர். பிஸ்கட்டின் நொறுங்கும் தன்மைக்குக் கொழுப்பு வேண்டும், சர்க்கரை வேண்டும். இந்தக் கலவையில் கொழுப்பு பெயருக்குத்தான். இருப்பதெல்லாம் பழத்தின் பெக்டினும், ஓட்ஸ் ஊறும்போது வெளிவிடும் வழுவழுப்பும்தான். அவை சேர்த்துப் பிடிக்கும், உடையவிடாது.

அப்பத்துக்கு நம் பாட்டிமார்கள் வாழைப்பழம் பிசைந்து போட்டதும் இதற்காகத்தான். மாவைச் சேர்த்துப் பிடிக்கவும், மென்மை கொடுக்கவும், வெல்லத்துக்குத் துணையாக இனிப்பு கூட்டவும். பழனி பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடுவதில்லை. விருப்பாச்சிப் பழமே ஈரம், பழமே பசை. குக்கீஸ் என்று பெயர் மாறி வந்ததால்தான் மொறுமொறுப்பை எதிர்பார்த்து ஏமாறுகிறோம். அப்பம் என்று நினைத்துச் சுட்டால் ஏமாற்றமே இல்லை.

மூன்று கிராமுக்குப் பத்து குக்கி

இனி உடம்புக் கணக்கு. ஓட்ஸுக்குக் கிடைத்த நல்ல பெயருக்குக் காரணம் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. குடலில் கூழாகிக் கொழுப்பைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. 1997-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸ் பாக்கெட்டில் 'இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம்' என்று போட்டுக்கொள்ள அனுமதித்தது. கூடவே ஒரு அளவும் சொன்னது: நாளுக்கு 3 கிராம் வேண்டும், அதுவும் கெட்ட கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு.

ஓட்ஸில் பீட்டா குளூக்கன் சுமார் நான்கு சதவீதம். மூன்று கிராம் வேண்டுமானால் 75 கிராம் ஓட்ஸ் உள்ளே போக வேண்டும். நம் குக்கி ஒன்றில் இருப்பது ஏழரை கிராம் ஓட்ஸ். அதாவது, தினமும் பத்து குக்கி. சாயங்காலம் டீயோடு இரண்டு தின்றுவிட்டு, 'கொலஸ்ட்ராலுக்கு நல்லது' என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. கொலஸ்ட்ராலுக்காகத்தான் ஓட்ஸ் என்றால் காலையில் கஞ்சியாகக் குடிப்பதே நேர்வழி. குக்கியை ருசிக்காகத் தின்னலாம்.

---
பெட்டி 2: ஒரு குக்கியில் என்ன?
(பெட்டி 1 அளவில், திராட்சை, கடலை சேர்க்காமல்)

எடை: சுமார் 19 கிராம்
கலோரி: சுமார் 44
கார்போஹைட்ரேட்: சுமார் 9 கிராம், ஏறக்குறைய ஒரு சின்ன இட்லிக்குச் சமம்
அதில் சர்க்கரை: 2 கிராம், எல்லாம் பழத்திலிருந்து
நார்ச்சத்து: ஒரு கிராமுக்குச் சற்று மேல்
---

'சர்க்கரை சேர்க்கவில்லை'

இந்த இரண்டு சொல்தான் அதிகம் குழப்புகிறது. சேர்க்கவில்லை என்பது உண்மை. இல்லை என்பது பொய்.

காயான வாழையில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டார்ச். பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறி, தோல் கறுக்கும் கட்டத்தில் ஸ்டார்ச் ஒன்றிரண்டு சதவீதம்தான் மிஞ்சும். குக்கிக்குக் கறுத்த பழம் கேட்கிறார்கள் என்றால் வேறு என்ன காரணம்? தனியாகச் சர்க்கரை போட வேண்டிய வேலையைப் பழம் செய்து முடித்துவிட்டது. நூறு கிராம் பழத்தில் 12 கிராம் சர்க்கரை.

முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் 'குறைக்க வேண்டிய சர்க்கரை' கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பிரிட்டனில் கணக்கு கொஞ்சம் கறார்: பழத்தைக் கூழாக்கினால் அதிலிருக்கும் சர்க்கரையும் தேன், வெல்லம் இருக்கும் பட்டியலில் சேர்ந்துவிடும். மென்று தின்னும்போது செல்களுக்குள் அடைபட்டிருக்கும் சர்க்கரை, பிசைந்து கூழாக்கும்போது வெளியே வந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். ஓட்ஸை மிக்ஸியில் பொடித்துப் போட்டால் கதை இன்னொரு படி போகும். மாவு எவ்வளவு நைஸோ, ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறும். பல குறிப்புகளில் 'ஓட்ஸைப் பொடித்துக்கொள்ளவும்' என்று இருக்கிறது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வை நடத்தியதில் முன்னின்றது நம் சென்னையின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய், வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் என்றது அது. எங்கள் மாடிப்படியில் இரண்டு வீட்டுக்கு ஒரு மெட்ஃபார்மின் பட்டை இருக்கும். அந்த வீடுகளுக்குத்தான் 'ஷுகர் இருக்கிறவங்களும் சாப்பிடலாம்' என்ற குக்கி டப்பா போகிறது. சாப்பிடலாம்தான். மூன்று சாப்பிட்டால் மூன்று சின்ன இட்லி சாப்பிட்டதாக எழுதிக்கொண்டு, ராத்திரி அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழத்தின் பொட்டாசியத்துக்காக டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மேரி வகை பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நூறு கிராமில் சர்க்கரை பெரும்பாலும் 20 கிராமைச் சுற்றி இருக்கும். நம் குக்கியில் அது 11 கிராமுக்குப் பக்கம். மைதா, பாமாயில், எசன்ஸ் எதுவும் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபின், பாக்கெட்டை வாங்குவதற்கு இன்னும் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ஆனாலும், பிள்ளைகளின் நாலு மணிப் பசிக்குப் பாக்கெட்டா, இதுவா என்று கேட்டால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். மருந்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.

விற்கலாம் என்று கிளம்பியவர்கள்

ஒவ்வொரு அப்பார்ட்மென்டிலும் ஒருவர் இருப்பார். முதலில் பிள்ளைக்கு, அப்புறம் பக்கத்து வீட்டுக்கு, மூன்றாவது மாதம் டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டி விற்பனை. கேக் சுட்டு நன்றாகச் சம்பாதிக்கிற பெண்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. ஆனால் வாழைப்பழ ஓட்ஸ் குக்கியை நம்பி இறங்கியவர்கள் சீக்கிரம் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். காரணம் மறுபடியும் அந்த நாற்பது சதவீத ஈரம்.

நான் ஆறு குக்கியை எவர்சில்வர் டப்பாவில் மூடி மேடையிலேயே வைத்துப் பார்த்தேன். ஐப்பசி மாதம், வெளியே அடைமழை. முதல் நாள் சாயங்காலம் நன்றாக இருந்தது. மறுநாள் மேல்பக்கம் பிசுபிசுப்பு. மூன்றாம் நாள் காலை மூடியைத் திறந்தால் லேசாகப் புளித்த வாசனை, இரண்டில் வெள்ளைப் பூஞ்சை. ஃப்ரிட்ஜில் வைத்தவை நாலு நாள் தாங்கின. ஃப்ரீஸரில் போட்டு, வேண்டும்போது தோசைக்கல்லில் சூடாக்கினால் ஒரு மாதம் ஓடும். டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இது இடம்பிடிக்காத காரணமும் இதுவேதான்.

இந்தக் குக்கியை விற்கிறவர் அன்று சுட்டு அன்றே கொடுக்க வேண்டும். ஆர்டர் எடுத்துக்கொண்டு சுடலாம். சுட்டு வைத்துக்கொண்டு ஆர்டருக்குக் காத்திருக்கக் கூடாது. கூரியரில் அனுப்பும் ஆசையை விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் சமாளிக்கச் சிலர் தேனோ நாட்டுச் சர்க்கரையோ வெண்ணெயோ சேர்த்து, நேரம் கூட்டி வாட்டுகிறார்கள். தாங்கும்தான். ஆனால் அப்போது 'சர்க்கரை இல்லை' ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும். சிலர் கிழிப்பதில்லை.

வீட்டுச் சமையலறையிலிருந்து விற்றாலும் சட்டம் சட்டம்தான். 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு தயாரிப்பாளர்களும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுக்க வேண்டும். அந்த 14 இலக்க எண் டப்பாவில் இருக்க வேண்டும். செய்த தேதியும், எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். 'ஹெல்தி' என்ற சொல்லை அள்ளித் தெளிக்கிறவர்களுக்கு ஒரு ஞாபகம்: 2024 ஏப்ரலில் பெரிய கம்பெனிகளின் மால்ட் பானங்களையே 'ஹெல்த் டிரிங்க்' தலைப்பில் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் தளங்களுக்கு அதே ஆணையம் சொன்னது.

---
பெட்டி 3: எந்தப் பழம்?

பச்சைப்பழம்: ஈரமும் இனிப்பும் தாராளம். பிசைய எளிது. இந்தக் குக்கிக்கு முதல் தேர்வு.
கற்பூரவள்ளி: இனிப்பில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் சிறியது, மூன்று நாலு வேண்டும்.
பூவன்: லேசான புளிப்பு. திராட்சை சேர்த்தால் சரியாகிவிடும்.
நேந்திரம்: நார் அதிகம், ஈரம் குறைவு. ஆவியில் வேகவைத்துப் பிசைந்தால் மற்றதைவிடக் கெட்டியாக வரும்.
ரஸ்தாளி: அப்படியே தின்ன வேண்டிய பழம். ஓவனில் போடுவது பாவம்.

கல் வைத்துப் பழுத்தது வேண்டாம். கார்பைடு கொண்டு பழுக்கவைப்பது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு மட்டும் அளவோடு அனுமதி. கார்பைடு பழத்தின் தோல் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், உள்ளே இனிப்பு ஏறியிருக்காது. இரண்டு நாள் வைத்தால் புள்ளி விழும் பழமே குக்கிக்கு ஆகும்.
---

ஓட்ஸேதான் வேண்டுமா?

உலகத்தில் அதிக வாழை விளைவிக்கும் நாடு நம்முடையது. திருச்சியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் 1993-லிருந்து இயங்குகிறது. பழத்துக்குக் குறைவில்லை. ஓட்ஸ் அப்படியில்லை. இந்தியாவில் பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகத்தான் விளைகிறது. நாம் தின்னும் ஓட்ஸில் கணிசமானது ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிறது. திருச்சிப் பழத்தைப் பிசைய ஆஸ்திரேலியத் தானியம் எதற்கு என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது.

கெட்டி அவலை ஒன்றிரண்டாகப் பொடித்து அதே அளவு போட்டேன். ஓட்ஸைவிட வேகமாக ஈரத்தைக் குடித்தது, ஓரம் கொஞ்சம் மொறுமொறுப்பாகக்கூட வந்தது. நார்ச்சத்து மட்டும் குறைவு. சிவப்பு அவல் அதைவிடத் தேவலை. வறுத்த கேழ்வரகு மாவு போட்ட அன்று நிறம் பயமுறுத்தியது, ருசி ஏமாற்றவில்லை. கம்பு மாவு கசந்தது. பழைய மாவாக இருந்திருக்க வேண்டும். பாதி ஓட்ஸ், பாதி சிவப்பு அவல் என்பதில் இப்போது எங்கள் வீடு நிற்கிறது. மகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள்: 'பாட்டி பிஸ்கட்'. மாமியார் இன்னும் அப்பம் என்றுதான் சொல்கிறார். போன கார்த்திகைக்கு வெல்ல அப்பத்தோடு இதிலும் நாலு விளக்குக்கு முன்னால் தட்டில் இருந்தது.

உங்கள் வீட்டில் இப்போது இரண்டு பழம் கறுத்துக் கிடந்தால், நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே பிசையுங்கள். பன்னிரண்டுக்கு மேல் சுடாதீர்கள். யாருக்காவது கொடுத்தால், நாளைக்குள் தின்றுவிடச் சொல்லிக் கொடுங்கள்.